கசிவதெல்லாம் வயிற்றுப்போக்கு இல்லை

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதமாகிறது. வலது கை, கால் விழுந்துவிட்டன, பேச்சும் குழறுகிறது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அவருக்கே தெரியாமல் தண்ணியாக மலம் கசிகிறது. பேதியை நிறுத்துகிற மாத்திரை கொடுத்தோம், குடிக்கிற தண்ணீரையும் குறைத்துவிட்டோம். டயபர் மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இனி இப்படியேதானா?

பதில்: இல்லை. பக்கவாதம் வந்த புதிதில் மூன்றில் ஒருவருக்காவது இந்தச் சிக்கல் இருக்கும், மாதங்கள் போகப்போகப் பலருக்குச் சரியாகிவிடும். ஆனால் அந்த மாத்திரை வேண்டாம், மருத்துவர் சொல்லாமல் தண்ணீரையும் குறைக்காதீர்கள்.

எனக்கு முதலில் வருகிற சந்தேகம் மலச்சிக்கல். நடமாட்டம் இல்லாமல், விழுங்கச் சிரமப்பட்டுக் குறைவாகவே குடித்து, மலம் ஆசனவாய்க்கு மேலே கல்லாக இறுகிவிடும். அதைச் சுற்றிக்கொண்டு வருகிற நீர்தான் துணியை நனைக்கும், பார்க்கிறவர்களுக்கு அது பேதி மாதிரியே இருக்கும். அதற்குப் போய் பேதியை நிறுத்துகிற மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகத்தான் செய்யும். மருத்துவரோ செவிலியரோ கையுறை போட்டு விரலால் சோதித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரை, சில வலி மாத்திரைகள்கூட மலத்தை இறுக்கும் என்பதால் அவர் சாப்பிடுகிற மருந்துகளை எல்லாம் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

அடைப்பு நீங்கியதும் பழக்கம்தான் முக்கியம். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் குடல் தானாகவே அசையத் தொடங்கும், அதனால் காலைச் சாப்பாடு முடிந்ததும் தினமும் அதே நேரத்தில் உட்கார வையுங்கள், வந்தாலும் வராவிட்டாலும். பாதத்துக்குக் கீழே சின்ன ஸ்டூல் வைத்தால் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து, முக்காமல் போகும். பத்து நிமிடம் போதும்.

இன்னொன்று, அப்பாவுக்கு உணர்வு இருந்தும் சொல்ல முடியாமல் போகிறதா என்று கவனியுங்கள். அவர் இடது கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு மணியோ கழிப்பறைப் படமோ இருக்கட்டும். நாடா, பட்டன் இல்லாத எலாஸ்டிக் வைத்த உடை போடுங்கள், கடைசி நிமிடத்தில் அவிழ்க்கத் தடுமாற வேண்டியதில்லை.

நனைந்தவுடன் மாற்றி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, துத்தநாகக் களிம்பு தடவுங்கள். மலத்தில் ரத்தம், வயிறு உப்பி வாந்தி, புதிதாக இரண்டு காலும் மரத்துப்போவது, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், மாற்றும்போது கதவைச் சாத்திவிட்டு, செய்வதை அவரிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பேச்சுதான் குழறுகிறது, அவமானம் அவருக்கு நன்றாகவே தெரிகிறது.