தலையாட்டும் மாணவன்

கேள்வி: இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழக்குகிறேன். ஒரு மாணவன் எல்லாவற்றுக்கும் "ஓம் சேர்" என்கிறான். தரையிறங்கும்போது மட்டும் உறைந்துவிடுகிறான். என்ன செய்யலாம்? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: தம்பி, அந்த "ஓம்" பயத்தில் வருவது. மாங்குளத்தில் நான் உழவு இயந்திரம் பழகியபோது மாமா கத்தக் கத்த, கிளச் எது பிரேக் எது என்றே எனக்குத் தெரியாமல் போனது. ஆகவே "விளங்கினதா?" என்று கேட்காதீர்கள். "அடுத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டு, அவன் வாயால் சொல்ல வையுங்கள். விரல்களையும் கவனியுங்கள். நகம் வெளுக்கும் அளவுக்கு இறுக்கினால், அமைதியான குரலில் கட்டுப்பாட்டை வாங்குங்கள். "கட்டுப்பாடு என்னிடம்" என்று நீங்கள், "உங்களிடம்" என்று அவன், திரும்பவும் "என்னிடம்" என்று நீங்கள். இந்த மூன்றையும் ஒருபோதும் தவறவிடாதீர்கள். பிழை திருத்துவதெல்லாம் அப்புறம், தரையில், ஒரு தேநீரோடு.