குழந்தைகளின் மூளைக்கட்டியும் எதிர்ப்புச் செல்களும்: வாசகர் கேள்விகள்

மகளின் பயாப்சி அறிக்கையில் 'மேக்ரோஃபேஜ்கள் மிகுதி' என்று இருக்கிறது. உடம்பு கட்டியோடு போராடுகிறது என்று அர்த்தமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அதற்காகப் பயப்படவும் வேண்டாம்; மேக்ரோஃபேஜ்கள் கிருமிகளை விழுங்கும் எதிர்ப்புச் செல்கள்; மூளைக்கட்டிக்குள் அவை இருப்பது வழக்கம்தான். இவற்றில் மைக்ரோக்ளியா என்பவை, கரு உருவாகும் தொடக்கக் கட்டத்திலேயே மூளையில் குடியேறியவை. மற்றவை எலும்பு மஜ்ஜையில் உருவாகி, ரத்தம் வழியாகப் பின்னால் வந்து சேர்ந்தவை. கட்டிக்குள் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால், இது எது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

எத்தனை செல்கள் இருக்கின்றன என்பதைவிட அவை என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதுதான் முக்கியம். கிருமியை விழுங்கும் இதே செல்கள்தான் காயத்தையும் ஆற்றுகின்றன. அழற்சியைத் தணித்து, புது ரத்தக்குழாய்கள் வளரத் தூண்டுகின்றன. காயம் ஆற்றும் இந்த வேலையைக் கட்டி தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்ற மரபணுக் கோளாறு உள்ள குழந்தைகளுக்குப் பார்வை நரம்பில் கட்டி வருவதுண்டு. அதை எலிகளில் உருவாக்கி, மைக்ரோக்ளியாவின் செயலை மட்டுப்படுத்தியபோது கட்டியின் வளர்ச்சியும் குறைந்தது. அதாவது, அங்கே அவை கட்டிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தன.

எல்லாக் கட்டிக்கும் இதைப் பொருத்த முடியாது. குழந்தைகளின் சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டியின் முக்கிய நான்கு வகைகளில் எஸ்.ஹெச்.ஹெச். எனப்படும் வகையில் மேக்ரோஃபேஜ்கள் கூடுதல். அவை அங்கே துணையா, எதிரியா என்பதில் ஆய்வு முடிவுகளே ஒத்துப்போகவில்லை. ஆகவே, அந்த ஒரு வரியை விட்டுவிட்டு, கட்டியின் பெயர், கிரேடு (அதன் வீரியத்தின் படிநிலை), மரபணு வகை மூன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சையை முடிவு செய்வது அவைதான்.

மூளைக்குள் எதிர்ப்புச் செல்கள் நுழையவே முடியாது என்றுதானே படித்தோம்?

பழைய பாடம் அது. மூளையைச் சுற்றிய உறையில், எதிர்ப்புச் செல்களைச் சுமக்கும் நிணநீர்க் குழாய்கள் இருப்பதை 2015-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் எலிகளில் தெளிவாகக் காட்டின. உள்ளே போக வழி உண்டு, காவல்தான் கடுமை.

பெரியவர்களுக்குப் பல புற்றுநோய்களில் இம்யூனோதெரபி (எதிர்ப்புச் செல்களைக் கொண்டு தாக்கும் சிகிச்சை) பலன் தருகிறதே, குழந்தைகளுக்கு ஏன் அந்த மருந்துகளைக் கொடுப்பதில்லை?

நீங்கள் கேட்பது செக்பாயின்ட் தடுப்பு மருந்துகளைப் பற்றி என்று நினைக்கிறேன். ஏற்கெனவே கட்டிக்குள் வந்து, கை கட்டப்பட்டு நிற்கும் டி செல்களை (புற்றுச் செல்களைக் கொல்லக்கூடிய எதிர்ப்புச் செல்கள்) அவிழ்த்துவிடுவதுதான் அவற்றின் வேலை. குழந்தைகளின் மூளைக்கட்டிகள் பலவற்றில் அவிழ்த்துவிட ஆளே இருப்பதில்லை. பல ஆண்டுப் புகையிலும் வெயிலிலும் உண்டாகும் நுரையீரல், தோல் புற்றுநோய்களில் மரபணு மாற்றங்கள் ஏராளம். டி செல்கள் 'இது அந்நியம்' என்று கண்டுகொள்ள அவைதான் அடையாளம். குழந்தையின் கட்டியிலோ அத்தகைய மாற்றங்கள் மிகக் குறைவு.

விதிவிலக்கு ஒன்று உண்டு. டி.என்.ஏ. நகலில் நேரும் பிழைகளைத் திருத்தும் மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதாகவே வந்த குழந்தைகளுக்குக் கட்டியில் மாற்றங்கள் குவிந்திருக்கும். அப்படிக் கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக்கட்டி வந்த, உடன்பிறந்த இரு குழந்தைகளுக்கு நிவோலுமாப் என்ற செக்பாயின்ட் தடுப்பு மருந்து நல்ல பலன் தந்ததாக 2016-இல் வெளியானது. இதற்கான பரிசோதனை தேவையா என்று கேட்பதில் தவறில்லை.

ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. மூளை வீக்கத்தைக் குறைக்கத் தரப்படும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு டி செல்களை அடக்குவது உண்மை; இம்யூனோதெரபி ஆய்வுகளில் அதன் அளவுக்கு வரம்பு வைப்பதும் அதனால்தான். ஆனால் மூளை வீக்கம் உயிரைப் பறிக்கும், ஸ்டீராய்டைத் திடீரென விடுவதும் ஆபத்து. குறைப்பதானால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

எதிர்ப்புச் சக்தி டானிக் கொடுக்கலாமா?

வேண்டாம். 'எதிர்ப்புச் சக்தி' என்று ஒரே பொருள் எங்கும் இல்லை, மேலே பார்த்தபடி சில செல்கள் கட்டியின் பக்கமே நிற்கின்றன. போதாக்குறைக்கு, டானிக்கில் இருப்பது கீமோ மருந்தோடு மோதலாம்.

மூளைத்தண்டுக் கட்டிக்குக் கார்-டி சிகிச்சை வந்துவிட்டதா?

ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. நோயாளியின் டி செல்களையே வெளியே எடுத்து, கட்டியை அடையாளம் காணும்படி மாற்றித் திருப்பிச் செலுத்துகிறார்கள். இந்தக் கட்டிச் செல்களின் மேல் ஜிடி2 என்ற பொருள் மிகுதி. அதைக் குறிவைத்து ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஆய்வின் முடிவு 2024-இல் வெளிவந்தது. சிகிச்சை பெற்றவர்கள் 11 பேர், குழந்தைகளும் இளைஞர்களும். முதல் தவணை ரத்த நாளம் வழியாக. அடுத்தவை நேரடியாக மூளையின் திரவ அறைக்குள். நால்வருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது, அவர்களில் ஒருவருக்கு முழுவதுமாக மறைந்தது.

எனக்கு நம்பிக்கை தரும் ஆய்வு இது. ஆனால் பதினொருவரை வைத்து யாருக்கும் உறுதி கொடுக்க மாட்டேன். செல்கள் வேலை செய்யத் தொடங்கும்போது கட்டி வீங்கும். மூளைத்தண்டில் வீக்கத்துக்கு இடமே கிடையாது. அதனால் மூளைத் திரவத்தின் அழுத்தத்தைக் கவனித்து, தேவைப்பட்டால் உடனே திரவத்தை வெளியேற்ற வசதியுள்ள இடத்தில் மட்டுமே இதைச் செய்ய முடியும்.

கட்டிக்குள் என்ன செல்கள் இருக்கின்றன என்று ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

தெரியாது. ரத்தத்தில் டி செல் எண்ணிக்கை சரியாக இருக்கும்போதே கட்டிக்குள் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அதற்குத் திசுதான் வேண்டும்.