பயன்களைக் குறைத்து முதல் வாரத்தைச் சொல்லுங்கள்

கர்ப்பிணிகளுக்கு நீங்கள் நடத்தும் தாய்ப்பால் வகுப்பில் எல்லோரும் தலையாட்டிவிட்டு, குழந்தை பிறந்த இரண்டே வாரத்தில் புட்டிப்பாலுக்குப் போய்விடுகிறார்கள் என்கிறீர்கள். தாய்ப்பாலின் பயன்களை இன்னும் அழுத்திச் சொல்வதால் இது மாறாது. தாய்ப்பால் நல்லது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், தெரியாதது மூன்றாம் நாள் இரவு எப்படி இருக்கும் என்பதுதான்.

பெரும்பாலும் காரணம் இது: பால் நன்றாகச் சுரக்க 2 முதல் 4 நாள் ஆகும், அதுவரை கொஞ்சமே கொஞ்சம் சீம்பால்தான், குழந்தையோ நாளுக்கு 8 முதல் 12 தடவை கேட்கும், ஒவ்வொரு அழுகையையும் "எனக்குப் பால் பத்தவில்லை" என்றே தாய் எடுத்துக்கொள்கிறாள். அப்புறம் புட்டி வருகிறது, மார்பில் குடிப்பது குறைகிறது, சுரப்பும் குறைகிறது.

அடுத்த வகுப்பில் பயன்களுக்கு 5 நிமிடம் போதும். மீதி நேரம் பொம்மையை வைத்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வைப்பதைச் செய்ய விடுங்கள். பிறந்த 3ஆம் நாளும் 7ஆம் நாளும் போன் செய்து, வலிக்கிறதா, குழந்தை எத்தனை தடவை சிறுநீர் கழித்தது என்று கேளுங்கள். 5ஆம் நாளுக்கு மேல் 24 மணி நேரத்தில் 6 தடவையாவது போனால் பொதுவாக நல்ல அறிகுறி.

ஆனால் சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ, பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ "இன்னும் முயற்சி செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். உண்மையிலேயே பால் போதாத தாய்மார்களும் இருக்கிறார்கள், அவர்கள் மேல் பழி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.