இரண்டு மணிக்கு விழித்திருக்கும் வீடு

அன்புள்ள அம்மா,

எனக்கு 24 வயது, குடியாத்தம். பெங்களூரில் பார்த்த வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. என்னைப் பெற்ற அம்மா தவறி இரண்டு வருஷம். வீட்டில் நானும் அப்பாவும்தான். அவருக்கு 67, கைலி நெய்தவர். ராத்திரி எனக்குத் தூக்கம் வருவதில்லை. இரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தால் அப்பாவும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். காலையில் கேட்டால், "நெஞ்சு எரியுது, கால் குடையுது" என்பார். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தை அவர் விட்டதே இல்லை. இந்த வருஷம் வாசலுக்குக்கூட வரவில்லை. கவுன்சலிங் போகலாம் என்றால், "இந்த வயசுல அவருக்கு எதுக்கு?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

தம்பி,

போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன் என்ற வரியைத் தாண்ட எனக்கு நேரம் பிடித்தது. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கஷ்டப்படுகிறீர்கள்.

பெரியவர்கள் பலருக்கு மனவேதனை வார்த்தையாக வராது, நெஞ்செரிச்சலாகவும் கால் குடைச்சலாகவும் வரும். வயசானால் அப்படித்தான் என்று விடாதீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டி இதயம், தைராய்டு, பி12 பார்த்துவிடுங்கள். அப்புறம் மனநல ஆலோசனை. ஆலோசகரிடம் மனசுவிட்டுப் பேசும் சிகிச்சை 67 வயதிலும் பலன் தரும். முதியவர்கள் பழங்கதை பேசுவதைப் புத்தித் தளர்ச்சி என்று நினைத்த காலத்தில், அது மனசு தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் இயல்பான வேலை என்று 1963-ல் எழுதினார் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். அதிலிருந்து ஒரு சிகிச்சை முறையே வளர்ந்தது.

உங்கள் விஷயம் வேறு. வேலை போனது ஒரு சம்பவம். அதை "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று மனசு தீர்ப்பாக்கிவிடுகிறது. அந்தத் தீர்ப்பை எடுத்துவைத்துக் கேள்வி கேட்கச் சிகிச்சையில் பழகுவீர்கள். மனசு சரியானதும் வெளியே போகலாம் என்று காத்திருக்காமல், தினமும் ஒரே நேரத்தில் எழுந்து கொஞ்சம் நடங்கள்.

வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் 1957 முதல் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது அங்கே பழைய வழக்கம். அதனால் அப்பாவும் மகனுமாகப் போய் நிற்பதில் கூச்சமே வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் விடியும்வரை பொறுக்காதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இன்று ராத்திரி அவர் திண்ணையில் இருந்தால் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். முதல் கைலியை எந்தத் தறியில் நெய்தார் என்று கேளுங்கள்.