பட்டை யார் கையில்?

கேள்வி: சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். வயது 38. காலையில் யோகா, இலவச உடல் பரிசோதனை, தினமும் 10,000 அடி நடந்தால் பரிசுக் கூப்பன் என்று அலுவலகத்தில் ஆரோக்கியத் திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். அடிகளை எண்ணக் கைப்பட்டையும் தந்திருக்கிறார்கள். நான் வீடு திரும்பவே இரவு 9 மணி ஆகிறது. எண்ணிக்கை குறைந்தால், பட்டையை 7 வயது மகன் கையில் கட்டி மொட்டை மாடியில் ஓடச் சொல்வேன். அவனுக்கும் அது விளையாட்டுதான். நிறுவனத்துக்கு நம் உடல்நலத்தில் ஏன் திடீரென்று இத்தனை அக்கறை?

பதில்: உங்கள் குழு மருத்துவக் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டுவது அவர்கள். இந்த ஆண்டு ஊழியர்களின் மருத்துவச் செலவு கூடினால், அடுத்த ஆண்டு பிரீமியம் ஏறும். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் முற்றுவதற்கு முன்பே கண்டுபிடித்தால் அந்தச் செலவு மிச்சமாகும், விடுப்பும் குறையும் என்பது அவர்கள் கணக்கு. வேலை பழகிய ஆளும் விட்டுப்போக மாட்டார் என்று நினைக்கிறார்கள். பரிசோதனை உங்களுக்கும் நல்லதுதான். போய் ரத்தம் கொடுங்கள்.

மாடிக்கு வருகிறேன். இரவு ஒன்பதுக்கு மேல் ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன ஓட்டம்? தூங்குகிற நேரம் அல்லவா அது? பகலெல்லாம் அப்பாவின் முகத்தைப் பார்க்காதவன், நீங்கள் எதைச் சொன்னாலும் விளையாட்டு என்றுதான் ஓடுவான். தான் ஓடியது அப்பா பெயரில் பதிவாகிறது என்பது புரியாத வயதும் இல்லை அவனுக்கு. பெற்ற தகப்பனே பொய்க்கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கலாமா, தம்பி?

அமெரிக்காவில் சுமார் 33,000 பேர் வேலை செய்யும் ஒரு விற்பனை நிறுவனத்தில் இத்தகைய திட்டத்தை ஆராய்ந்து, 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் அதிகமானார்கள். ஆனால் பதினெட்டு மாதங்களுக்குப் பிறகும் எடையிலோ ரத்த அழுத்தத்திலோ மருத்துவச் செலவிலோ சொல்லத்தக்க மாற்றம் இல்லை. 10,000 என்ற எண்ணும் மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவு அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. இதற்காகவா பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்தீர்கள்?

உங்களுக்குக் குறைவாக இருப்பது நேரம். காலை யோகா அதைத் தராது. வாரத்தில் மூன்று நாளாவது ஏழரை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஊழியர் நலனில் அக்கறை என்று அறிவித்தவர்களிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கூப்பன் போனால் போகட்டும், பட்டையை அவிழ்த்து வையுங்கள். அந்த மூன்று நாளும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். பட்டையை ஏன் அவிழ்த்துவிட்டீர்கள் என்று அவன் கேட்பான். அப்பா செய்தது தவறு என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.