எழுதி இயக்குபவரே தயாரிப்பாளராகவும் ஆகலாமா?

கையில் நல்ல கதை இருக்கிறது, தயாரிப்பாளர் அமையவில்லை, நானே பணம் திரட்டிப் படம் எடுத்தால் தொடர்ந்து தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்ப் படங்களில் தயாரிப்பு நிர்வாகப் பக்கம் வேலை பார்த்தவன் நான். முடியும் என்றே சொல்வேன். ஆனால் பட்ஜெட்டைத் திரைக்கதை எழுதும்போதே யோசிக்கிறவராக இருக்க வேண்டும். கதையை முடித்துவிட்டு அப்புறம் பணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்கு இது சரிப்படாது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் பெயர் ஸ்ரீதர். வசனகர்த்தாவாக வந்து, 1959ல் 'கல்யாணப் பரிசு' மூலம் இயக்குநரானவர். பிறகு சித்ராலயா என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1961ல் 'தேன் நிலவு' படத்துக்காக யூனிட்டையே காஷ்மீருக்குக் கூட்டிப்போனவர், அடுத்த ஆண்டு 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தை ஏறக்குறைய முழுவதும் ஒரே ஆஸ்பத்திரி செட்டுக்குள் எடுத்து முடித்தார். பெரிய நட்சத்திரம் கிடையாது, வெளிப்புறக் காட்சிகள் பெயரளவுக்குத்தான். நோயாளி, அவன் மனைவி, அவளை ஒரு காலத்தில் காதலித்த டாக்டர் என்று மூன்று பேரின் மனப்போராட்டம் அந்தச் சுவர்களுக்குள்ளேயே நடக்கிறது. பணத்தைச் சுருக்கியதால் படம் சின்னதாகிவிடவில்லை, இன்னும் இறுகியது. அதையே அவர் இந்தியிலும் இயக்கினார். எழுதுகிறவரும் செலவு செய்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு படத்திலும் இதை நேரில் பார்த்தேன். ஊர்த் திருவிழாக் காட்சி. கூட்டத்துக்கு ஜூனியர் ஆர்ட்டிஸ்ட், சாப்பாடு, பேட்டா என்கிற தினப்படி, ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து நாங்கள் கொடுத்த கணக்கைப் பார்த்தார் இயக்குநர். படத்தை எழுதியவரும் அவர்தான், பணம் போட்டவரும் அவர்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஸ்கிரிப்ட் பேப்பரைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். திருவிழாவுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடும் அக்காவும் தம்பியும் அடுப்பங்கரையில் பேசிக்கொள்கிறார்கள். தூரத்தில் மேளச் சத்தம் மட்டும். சத்தம் நெருங்கும்போது அக்கா பேச்சை நிறுத்துகிறாள். கூட்டமே இல்லாமல் திருவிழா வந்துவிட்டது. சம்பளத்துக்கு வந்த இயக்குநராக இருந்தால் கூட்டத்துக்காகத் தயாரிப்பாளரோடு சண்டை போட்டிருப்பார். அதிலும் தப்பில்லை. ஆனால் இந்தக் காட்சி பிறந்திருக்காது.

இதற்கு நேர் எதிராகப் போய் ஜெயித்தவர் எஸ்.எஸ்.வாசன். 'சந்திரலேகா'வின் இயக்குநர் பாதியில் விலகியதும் தானே இயக்கினார். பல ஆண்டுகள் இழுத்து, சுமார் 30 லட்ச ரூபாயை விழுங்கி, 1948ல் படம் வந்தது. அந்தக் காலத்தில் அது நினைத்துப்பார்க்க முடியாத தொகை. ஆனால் அவர் பின்னால் ஜெமினி ஸ்டூடியோ இருந்தது, ஆனந்த விகடன் இருந்தது. முரசு நடனத்தைப் பார்த்து மயங்கலாம், மயங்கவும் வேண்டும். உங்கள் முதல் படத்துக்கு அதை முன்மாதிரியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தத் தொழிலில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் வட்டிதான். படப்பிடிப்பு ஒரு வாரம் தள்ளினால் அந்த ஒரு வாரச் செலவோடு போகாது, வாங்கிய கடன் முழுவதற்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பிலிம் காலத்தில் பைனான்சியர் கணக்கு தீராமல் லேபிலிருந்து பிரிண்ட் வெளியே வராது. இப்போது தியேட்டரில் படத்தைத் திறந்து ஓட்டுவதற்கான டிஜிட்டல் சாவி வராது. காலைக் காட்சி ரத்து என்ற அறிவிப்புக்குப் பின்னால் பல சமயம் இருப்பது இதுதான். ரிலீசுக்கு முந்தின ராத்திரியில் படத்தை உருவாக்கியவரே பேரம் பேசவும் உட்கார்ந்தால், இரண்டாம் படத்தின் உரிமையைக்கூட எழுதிக் கொடுத்துவிடுவார். அதனால் பணப்பேச்சுக்கு என்று கறாரான ஓர் ஆளை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். ரீமேக் உரிமையையும் மற்ற மொழி உரிமைகளையும் கடன் பத்திரத்தில் மொத்தமாகச் சேர்க்க விடாதீர்கள். கதை உங்களுடையது என்பதால் கடைசியில் மிஞ்சும் சொத்து அதுதான்.

இன்னொன்று, கதைக்கும் இயக்கத்துக்கும் உங்களுக்கென்று ஒரு சம்பளத்தை பட்ஜெட்டில் கட்டாயம் போடுங்கள். 'நம்ம படம்தானே' என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்படி விட்டால் படம் லாபமா நஷ்டமா என்பதே சரியாகத் தெரியாது, அடுத்த படம் வரை வீட்டுச் செலவுக்கும் வழி இருக்காது.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், முடிந்தால் முதல் படத்தை வேறொருவர் தயாரிப்பில் செய்யுங்கள் என்பேன். ஸ்ரீதர்கூடத் தனியாக இறங்கவில்லை, நண்பர்களோடு பங்குதாரராக இருந்த வீனஸ் பிக்சர்ஸில்தான் இயக்குநரானார். 2008ல் 'சுப்ரமணியபுரம்' படத்தை எழுதி, இயக்கி, தயாரித்து, நடித்த சசிகுமார் எடுத்த எடுப்பிலேயே ஜெயித்தவர். ஆனால் அவரும் பாலா, அமீர் ஆகியோரிடம் உதவி இயக்குநராக வேலை பார்த்துவிட்டுத்தான் வந்தார். நீங்கள் இன்னும் ஒரு ஷூட்டிங்கை முழுதாகப் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஒரு சின்னப் படத்தில் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் சேருங்கள். தினமும் பேட்டா கொடுக்கும் நேரத்தில் அவர் பக்கத்தில் நின்று கணக்கு எழுதுங்கள். அதற்குப் பிறகு உங்கள் திரைக்கதையை எடுத்துப் படித்தால், எந்தக் காட்சியை மாற்ற வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.