மரைக்காயர் எப்படி மெரிக்கன் ஆனார்? பினாங்கிலிருந்து ஒரு கேள்வி பதில்

ஜெலுத்தோங் வாசகர்: நானா, எங்கள் பெயரின் கடைசியில் மெரிக்கன் என்று இருக்கிறது. அமெரிக்காவோடு ஏதும் தொடர்பா?

இல்லை தம்பி. மரைக்காயர்தான் ஆங்கில எழுத்தில் மெரிக்கன் ஆனது.

பட்டர்வொர்த் வாசகர்: மரைக்காயர் என்றால் என்ன பொருள்?

கப்பல் ஓட்டி வியாபாரம் செய்தவர்களின் பட்டம் அது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், காரைக்கால் என்று கரை நெடுக இருந்தவர்கள். கள்ளிக்கோட்டை அரசர் சாமூத்திரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களும் இதே பட்டத்தோடுதான் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரை எதிர்த்தார்கள். இங்கே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைக் கட்டிய காதர் மொகிதீனும் மெரிக்கன்தான். அந்த நிலம் 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்தது. சொல்லின் வேரை மரக்கலராயர் என்பார்கள். அரபியில் கப்பலுக்கு மர்கப் என்று பெயர், அதுதான் வேர் என்பவர்களும் உண்டு. நான் மரக்கலம் பக்கம்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: மர்கப்தான் சரி. அரபு வியாபாரிகளின் வழிவந்தவர்களுக்கு அரபிப் பட்டம் இருப்பதுதானே இயல்பு?

அப்படியானால் கடைசி ‘ப்’ எங்கே போனது? கிதாபு, ஜவாபு என்று நாம் வாங்கிய அரபிச் சொற்களில் அது அப்படியே நிற்கிறதே.

அவரே: மரக்கலராயரில் ‘ல’ போயிருக்கிறதே நானா, அது மட்டும் எப்படி?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். நீளமான பட்டம் வாயில் தேய்ந்தது என்பதுதான் என் பதில். இன்னொன்றும் பாருங்கள்: கட்டுமரம் என்கிறோம். கலத்தையே மரம் என்று சொன்ன கரை இது. அந்தக் கரைக்காரர் தன் தொழிலுக்குப் பெயர் தேடி வெளியே போயிருப்பார் என்று என் மனம் ஒப்பவில்லை.

கோலாலம்பூர் வாசகர்: நாங்கள் மரிக்கான், எதிர்வீட்டார் மரிக்கார். சொந்தமாக இருப்போமா?

எழுத்தை வைத்துச் சொந்தம் முடிவு செய்யாதீர்கள். என் பாட்டனாரின் கணக்குப் புத்தகத்தில் அவர் தமிழில் சுழித்துப் போட்ட கையெழுத்து மரைக்காயர். அதே பக்கத்தில் மூத்த மகன் ஆங்கிலத்தில் மெரிக்கன் என்று போட்டிருக்கிறார். இளையவருடைய பிறப்புப் பத்திரத்தில் மரிக்கார். மூவரும் ஒரே வீடு. அதேபோல ஒரே எழுத்து உள்ள இரண்டு குடும்பத்துக்கு எந்த உறவும் இல்லாமலும் இருக்கும். பழைய பத்திரங்களைத் தேடுங்கள்.

ஈப்போ வாசகர்: ராவுத்தரும் இதுதானா?

இல்லை. ராவுத்தர் குதிரைக்காரர்.

தைப்பிங் வாசகர்: மெரிக்கன் என்றால் அமெரிக்கன் என்கிறார்களே?

முதல் பதிலைப் படியுங்கள்.

செபராங் ஜெயா வாசகர்: விமான டிக்கெட்டில் குடும்பப் பெயர் கேட்கிறார்கள். என்ன போடுவது?

கடப்பிதழில் உள்ளபடி. சந்தேகம் இருந்தால் டிக்கெட் எடுக்கும் இடத்திலேயே கேளுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகி: பிறக்கப்போகும் மகளுக்கு மெரிக்கன் என்று வைக்கலாமா?

தாராளமாக அம்மா. பினாங்கில் பெண்களும் வைத்திருக்கிறார்கள். பிறப்பைப் பதியும்போது உங்கள் கணவரின் அடையாள அட்டையில் உள்ள எழுத்தையே எழுதுங்கள். இனிமேலாவது ஒரு வீட்டுக்கு ஒரே எழுத்து இருக்கட்டும். தமிழில் எழுதும்போது மட்டும் மரைக்காயர் என்றே எழுதிப் பழக்குங்கள்.